ஜுராசிக் நட்சத்திர மீன் புதைபடிவத்தை வகைப்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையில், சீடவுன், ஐப் என்ற ஊர்களின் பக்கத்துப் பாறைச் சரிவில் ஒரு மணற்கல் அடுக்கு இருக்கிறது. அதற்கு 'ஸ்டார்ஃபிஷ் பெட்', அதாவது நட்சத்திர மீன் அடுக்கு என்று பெயர். ஜுராசிக் காலத்தின் முற்பகுதியில், ப்ளீன்ஸ்பாக்கியன் கட்டத்தில் கடலடியில் வாழ்ந்த உயிர்கள் மேல் திடீரென மணல் வந்து மூடியதால் ஐந்து கைகளும் முழுசாக இருக்கும் புதைபடிவங்கள் அங்கே கிடைக்கின்றன. ஆனால் அந்த அடுக்குக்குப் பேர் வாங்கித் தந்த பேலியோகோமா ஒரு நட்சத்திர மீனே அல்ல. அது ப்ரிட்டில் ஸ்டார் எனப்படும் நொறுங்கு நட்சத்திரம். வேறு வகுப்பு.

இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவதை அந்தப் பெயரே காட்டிவிடுகிறது. நட்சத்திர வடிவத்தை நம்பி வகைப்படுத்தக் கூடாது. உடலைக் கட்டியிருக்கும் சின்னச் சின்ன சுண்ணத் தகடுகளைத்தான் கேட்க வேண்டும். ஐந்து கை, கூர்மையான நுனி, நடுவில் ஒரு வட்டு என்பதெல்லாம் ஒன்றுக்கொன்று தூரத்து உறவுள்ள கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப வருகிற வடிவம். தகட்டின் அமைப்பு அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது.

படி 1: கல்லைத் தொடும் முன் குறிப்பு எழுதுங்கள்

எந்த இடம், எந்த அடுக்கு, அடுக்கில் எந்தப் பக்கம் மேல்நோக்கி இருந்தது, கூடவே என்னென்ன கிடைத்தன என்பதை முதலில் எழுதிவிடுங்கள். சுத்தம் செய்த பிறகு எழுதலாம் என்று விட்டால் பாதி விவரம் போய்விடும்.

ஜுராசிக் காலம் ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை நீண்டது. அதை 11 கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். கீழ் ஜுராசிக்கில் ஹெட்டாங்கியன், சினிமூரியன், ப்ளீன்ஸ்பாக்கியன், டோர்சியன். நடுவில் ஆலேனியன், பஜோசியன், பாத்தோனியன், கல்லோவியன். மேலே ஆக்ஸ்ஃபோர்டியன், கிம்மரிட்ஜியன், டித்தோனியன். உங்கள் மாதிரி எந்தக் கட்டம் என்பதைச் சொல்வது நட்சத்திர மீன் அல்ல, அதே அடுக்கில் கிடக்கும் அம்மோனைட்டுகள், அதாவது சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிர்கள். ஜுராசிக் காலக்கணக்கின் முதுகெலும்பே அவைதான். அதனால் பக்கத்தில் உடைந்த அம்மோனைட் துண்டு கிடந்தால்கூட எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

படி 2: இது நட்சத்திர மீன்தானா?

முதலில், இது முட்தோலியா என்று பாருங்கள். நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அல்லி, நொறுங்கு நட்சத்திரம் எல்லாம் இந்தத் தொகுதிதான். இவற்றின் ஒவ்வொரு தகடும் ஒரே கால்சைட் படிகமாக நடந்துகொள்ளும். உயிரோடு இருக்கும்போது அது நுண்ணிய வலைப்பின்னல். புதைந்த பிறகு அந்தத் துளைகளிலும் கால்சைட் நிரம்பிவிடும். ஆகவே உடைந்த தகட்டை விளக்கொளியில் மெல்லத் திருப்பினால் உடைந்த முகம் முழுதும் ஒரே நேரத்தில் கண்ணாடி மாதிரி பளிச்சென்று மின்னும். சிப்பி ஓடு அப்படி மின்னாது. கை லென்ஸ் போதும், இந்த ஒரு சோதனை நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

அப்புறம் நொறுங்கு நட்சத்திரத்தை விலக்க வேண்டும். அதன் கைகள் வட்டிலிருந்து பட்டென்று பிரிந்து கயிறு மாதிரி நீளும். கைக்குள் முதுகெலும்புக் கணுக்களைப் போன்ற துண்டுகள் வரிசையாக இருக்கும், அவற்றைச் சுற்றி நான்கு வரிசைத் தகடுகள் மூடியிருக்கும். அடிப்பக்கத்தில் திறந்த பள்ளம் கிடையாது. நட்சத்திர மீனில் கை வட்டிலிருந்து படிப்படியாகக் குறுகும். அடிப்பக்கத்தில் வாயிலிருந்து நுனி வரை ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தின் கூரையாக இரண்டிரண்டு தகடுகள் ஓட்டுவீட்டுக் கைமரம் போலச் சாய்ந்து நிற்கும். அந்தக் கூரையைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

இன்னும் மூன்று பொறிகள் உண்டு. ஜுராசிக் கடல் அல்லிகளின் தண்டுத் துண்டுகள் சில மில்லிமீட்டர் அளவில் ஐந்துமுனை நட்சத்திரமாகவே இருக்கும். பார்த்ததும் குட்டி நட்சத்திர மீன் என்று மனசு துள்ளும். ஆனால் அது ஒரே தகடு, நடுவில் துளையும் முகத்தில் பூவிதழ் போன்ற கோலமும் இருக்கும். ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணப்பாறையில் சாக்கோகோமா என்ற மெல்லிய கடல் அல்லி ஏராளம், அதையும் விரிந்த கைகளை வைத்துத் தவறாக எண்ணலாம். மூன்றாவது, ஆஸ்டிரியாசைட்டிஸ். அது உடல் அல்ல, நட்சத்திர மீனோ நொறுங்கு நட்சத்திரமோ மணலில் படுத்து எழுந்த தடம். தகடு எதுவும் இருக்காது. தடங்களுக்குத் தனிப் பெயர் முறை இருப்பதால், அதற்கு எந்த விலங்கின் பெயரையும் சூட்டக் கூடாது.

படி 3: சுத்தம் செய்தல்

அமிலம் வேண்டாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமோ வீட்டு வினிகரோ, எதுவானாலும் கல்லோடு சேர்த்துத் தகட்டையும் தின்றுவிடும், ஏனென்றால் தகடும் சுண்ணம்தான். முழு மாதிரி என்றால் நுண்ணோக்கியின் கீழ் ஊசியால், பொறுமையாக. வசதியுள்ள ஆய்வகங்களில் மென்மையான பொடியைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிக் கல்லை உதிர்ப்பார்கள். தகட்டின் மேலுள்ள சின்னக் குழிகளும் முள் பொருந்தும் மேடுகளும்தான் பிற்பாடு அடையாளச் சான்று. பளபளப்பாக்கும் ஆசையில் அவற்றைத் தேய்த்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

படி 4: எந்தப் பக்கம் தெரிகிறது?

பள்ளம் தெரிந்தால் வாய்ப்பக்கம். பள்ளம் இல்லாமல் சிறு தகடுகள் பரவியிருந்து, இரு கைகளின் நடுவே வரிக்கோலமுள்ள ஒரு வட்டத் தகடு தெரிந்தால் முதுகுப்பக்கம். அந்த வட்டத் தகடு நீர் புகும் சல்லடைத் தகடு, மேட்ரிபோரைட் என்பார்கள்.

இரண்டு அளவுகள் எடுங்கள். வட்டின் நடுவிலிருந்து கைநுனி வரை பெரிய ஆரம். நடுவிலிருந்து இரு கைகளுக்கு இடையிலுள்ள கவட்டு வரை சிறிய ஆரம். முதலாவதை இரண்டாவதால் வகுத்த விகிதத்தை எழுதி வையுங்கள். இது சிற்றினத்தை விவரிக்கும்போது உதவும். ஆனால் வரிசையோ (ஆர்டர் எனப்படும் வகைப்பாட்டுப் படிநிலை) குடும்பமோ முடிவு செய்ய இதைப் பயன்படுத்தாதீர்கள். வளர வளர இந்த விகிதம் மாறும், நசுங்கிய மாதிரியில் இன்னும் மாறும்.

தகடுகளுக்கு நான் இங்கே பயன்படுத்தும் பெயர்கள்: பள்ளத்தின் கூரையாக நிற்பவை கூரைத் தகடுகள், ஆம்புலாக்ரல் என்பவை. பள்ளத்தின் இரு கரைகளிலும் இருப்பவை கரைத் தகடுகள். உடலின் ஓரத்தைக் கட்டுபவை விளிம்புத் தகடுகள், அவை மேல்விளிம்பு, கீழ்விளிம்பு என இரண்டு வரிசை. கைநுனியில் தனியாக ஒரு நுனித் தகடு. வாயைச் சுற்றி ஜோடி ஜோடியாக வாய்த் தகடுகள். முதுகில் முதுகுத் தகடுகள்.

படி 5: வரிசையை முடிவு செய்தல்

இன்று வாழும் நட்சத்திர மீன்களை ஏழு வரிசைகளாகப் பிரிப்பது வழக்கம். ஜுராசிக் மாதிரியில் நடைமுறையில் ஐந்தைத்தான் எதிர்பார்க்கலாம்.

விளிம்புத் தகடுகளில் தொடங்குங்கள். அவை பெரிதாக, செங்கல் அடுக்கியதுபோல் உடலின் ஓரத்தைக் கட்டி நின்றால் பாக்சிலோசிடா அல்லது வால்வாட்டிடா பக்கம் போகலாம். இந்த இரண்டையும் பிரிப்பதுதான் ஜுராசிக் மாதிரிகளில் அடிக்கடி வரும் வேலை.

பாக்சிலோசிடாவில் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒன்றுக்கு ஒன்று நேராக நிற்கும். தகடுகள் பெரும்பாலும் உயரமாக, கைவாக்கில் குறுகலாக இருக்கும். பக்கத்துப் பக்கத் தகடுகளுக்கு நடுவே நீர் ஓடும் சிறு வாய்க்கால்கள் உண்டு. மணலுக்குள் புதைந்து வாழ்பவற்றுக்கு மூச்சுக்கு அது தேவை. கீழ்விளிம்புத் தகட்டின் வெளிப்புறத்தில் பெரிய முட்கள் பொருந்தும் மேடுகள் தெளிவாகத் தெரியும். முதுகில் பாக்சில்லா எனப்படும் குட்டித் தூண்கள், தலையில் முள்கொத்தோடு இருக்கும். ஜுராசிக் பாறைகளில் மிகவும் பழக்கமான பென்டாஸ்டீரியா இந்தக் கூட்டத்தில் வைக்கப்படுகிறது.

வால்வாட்டிடாவில், குறிப்பாக கோனியாஸ்டரிடே குடும்பத்தில், தகடுகள் கனமான கட்டிகள். பக்கங்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பொருந்தும், அந்த வாய்க்கால் இருக்காது. வெளிமுகத்தில் குறுமணிகள் உட்கார்ந்திருந்த சின்னக் குழிகள் பரவியிருக்கும், சில இடங்களில் இடுக்கி உறுப்புகள் இருந்த நீளக் குழியும் தெரியும். உடல் ஐங்கோணமாகவோ குட்டைக் கையோடோ இருக்கும். இதே வரிசையில் வைக்கப்படும் ஸ்பீராஸ்டரைப் பார்த்தால் வடிவத்தை நம்புபவர்கள் திகைத்துப் போவார்கள். தென் ஜெர்மனியின் மேல் ஜுராசிக் பாறைகளில் கிடைக்கும் அதன் உடல் நட்சத்திரமே அல்ல, கவிழ்த்த கிண்ணம் மாதிரி உயர்ந்த குவிமாடம். பல்கோணத் தகடுகள் தனித்தனியாகத்தான் பெரும்பாலும் கையில் வரும்.

விளிம்புத் தகடுகள் பெரிதாகத் தெரியவில்லை, முதுகு வலைபோல இருக்கிறது, முட்கள் அதிகம் என்றால் ஃபோர்சிபுலாட்டிடாவை நினையுங்கள். உறுதி செய்ய அடிப்பக்கம் வேண்டும். கூரைத் தகடுகளும் கரைத் தகடுகளும் மிக மெல்லியதாக, சீட்டுக்கட்டை நெருக்கி வைத்ததுபோல இருக்கும். பல பேரினங்களில் குழாய்க்கால்கள் நான்கு வரிசையாக அமைந்ததால் துளைகள் மாறி மாறி உள்ளும் வெளியுமாகத் தெரியும். வாயிலும் வித்தியாசம் உண்டு. இங்கே வாய்ச் சட்டத்தில் கூரைத் தகடுகள்தான் துருத்தி நிற்கும். வால்வாட்டிடாவிலும் பாக்சிலோசிடாவிலும் வாய்த் தகடுகள் படகின் அடிக்கட்டை போல முன்னே நீண்டிருக்கும். தென் ஜெர்மனியின் ஹெட்டாங்கியன் அடுக்கிலிருந்து 1990ல் டேனியல் பிளேக் விவரித்த ஜெர்மனாஸ்டீரியாஸ், ஹிஸ்ட்ரிக்ஸாஸ்டீரியாஸ் இரண்டும், இந்தக் கூட்டம் ஜுராசிக்கின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது என்பதற்குச் சாட்சி.

வெலாட்டிடாவில் கைகள் ஐந்துக்கு மேல் போவது அடிக்கடி நடக்கும். பிரான்ஸின் லா வூல்ட் என்ற இடத்தில், கல்லோவியன் அடுக்கில் கிடைத்த டெக்காகுமினாஸ்டருக்குப் பத்துக் கைகள், பெயரே அதைச் சொல்கிறது. ஆனால் பல கை என்பதால் மட்டும் வெலாட்டிடா என்று எழுதிவிட முடியாது, மற்ற வரிசைகளிலும் பல கை உண்டு. ஐந்தாவது நோட்டோமயோட்டிடா. அதன் ஜுராசிக் சான்றுகளில் முக்கியமானவை ஸ்விட்சர்லாந்தில் இருந்து வந்தவை. பார்ப்பதற்கு பாக்சிலோசிடாவைப் போலவே இருக்கும் என்பதால், நல்ல மாதிரி இல்லாமல் இந்தப் பெயரை எழுத அவசரப்படாதீர்கள்.

இந்த வரிசைகள் ஒன்றோடொன்று எப்படி உறவு என்பதில் பழைய தர்க்கம் ஒன்று இருக்கிறது. 1987ல் ஆண்ட்ரூ கேல், டேனியல் பிளேக் இருவரும் தனித்தனியாக வகைப்பாடு வெளியிட்டார்கள். பாக்சிலோசிடாதான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பே பிரிந்த கிளை என்றார் கேல். இல்லை, அது பின்னால் மணல்வாழ்வுக்கு மாறிய கூட்டம் என்றார் பிளேக். நீங்கள் எந்த முறையைப் பின்பற்றினாலும் சரி, எதைப் பின்பற்றினீர்கள் என்று குறிப்பில் எழுதிவிடுங்கள். படிப்பவருக்குக் குழப்பம் வராது.

படி 6: உதிரித் தகடுகள்

முழு மாதிரியை வைத்தே பேசிக்கொண்டிருந்தேன். உண்மையில் உங்கள் கைக்கு வரப்போவது பெரும்பாலும் உதிரித் தகடுகள். நட்சத்திர மீன் செத்தால் சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில் தகடுகளைப் பிடித்திருக்கும் தசை அழுகி எல்லாம் சிதறிவிடும். முழுசாகக் கிடைப்பதற்கு உயிரோடோ செத்த உடனேயோ மண் மூட வேண்டும். அதனால் உதிரித் தகடுகளைப் படிக்கத் தெரியாமல் ஜுராசிக் நட்சத்திர மீன்களைப் பற்றிப் பேச முடியாது.

களிமண்ணோ சேற்றுச் சுண்ணமோ எடுத்து நன்றாகக் காயவைத்து, பிறகு நீரில் ஊறப் போடுங்கள். காய்ந்தது ஊறும்போது தானே உதிரும். உதிராத கெட்டி மண்ணுக்கு சோடியம் சல்பேட் முறை உண்டு. அதன் சூடான செறிந்த கரைசலில் ஊறவைத்து ஆறவிட்டால், துளைகளுக்குள் உப்பு படிகமாகி மண்ணைப் பிளக்கும். சூடாக்குவதும் ஆறவிடுவதுமாகச் சில சுற்று செய்ய வேண்டும். பிறகு 0.5 மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, காயவைத்து, கறுப்புத் தட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்குங்கள்.

பொறுக்கியதும் பெயர் வைக்க உட்காராதீர்கள். முதலில் எந்த வகைத் தகடு என்று பிரியுங்கள்: விளிம்பு, கூரை, கரை, நுனி, வாய், முதுகு. விளிம்புத் தகட்டை அடையாளம் காண்பது சுலபம். ஒரு முகம் குவிந்து அலங்காரத்தோடு இருக்கும், அது வெளிமுகம். இரு பக்கங்கள் தட்டையாக, அடுத்த தகட்டோடு ஒட்டி நின்றவை. பெரிய முள்மேடுகள் வரிசையாக இருந்து, ஒரு பகுதி உள்ளே வாய்ப்பக்கம் நீண்டால் அது பெரும்பாலும் கீழ்விளிம்பு.

அடுத்தது பலரும் சறுக்கும் இடம். ஒரே விலங்கின் விளிம்புத் தகடுகளே ஒன்றுபோல் இருக்காது. கவட்டில் இருப்பது ஒரு வடிவம், கையின் நடுவில் வேறு, நுனிக்கு அருகில் வேறு. நுனியை நோக்கிப் போகப் போகத் தகடு சிறுத்து, உயரத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதமும் மாறிவிடும். மூன்று வடிவம் கண்டால் மூன்று சிற்றினம் என்று எழுதினால், இல்லாத இரண்டு விலங்குகளைப் படைத்தவர் ஆவீர்கள். அதனால் தகடுகளைப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக அடுக்கிப் பாருங்கள். வடிவம் படிப்படியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நழுவினால் அது ஒரே தொடர். எங்கேயாவது படக்கென்று முறிந்தால்தான் இரண்டாவது விலங்கைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒப்பிடும்போது எப்போதும் கையின் ஒரே பகுதித் தகடுகளையே ஒப்பிடுங்கள். கைநடு மேல்விளிம்பை இன்னொரு கைநடு மேல்விளிம்போடுதான்.

இந்தக் கண்பழக்கம் படம் பார்த்து வராது. இன்று வாழும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் தமிழகக் கரையில் அஸ்ட்ரோபெக்டன் சாதாரணமாகக் கிடைக்கும் பேரினம், இழுவலையில் தேவையில்லாமல் சிக்கி வந்து ஒதுக்கப்படுவதும் உண்டு. செத்துக் காய்ந்த ஒன்று கிடைத்தால், ஒரு கையை மட்டும் வெட்டி, நீர் கலந்த ப்ளீச்சிங் திரவத்தில் போட்டுப் பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். தசை கரைந்து தகடுகள் கழன்று வரும். கழலும் வரிசையிலேயே எடுத்துக் கறுப்பு அட்டையில் ஒட்டுங்கள். கவட்டிலிருந்து நுனி வரை ஒரு கையின் முழு விளிம்பும் கண்முன் இருக்கும். பென்டாஸ்டீரியாவின் தகட்டைப் பார்க்கும்போது அந்த அட்டை பக்கத்தில் இருந்தால், எது மேல் எது கீழ் என்ற குழப்பமே வராது. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

நுனித் தகடுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டெர்மினாஸ்டர் என்ற சின்னஞ்சிறு ஜுராசிக் நட்சத்திர மீனுக்கு உடலோடு ஒப்பிட்டால் பிரமாண்டமான நுனித் தகடு. பெயரே அதிலிருந்துதான். ஆனால் எந்த நட்சத்திர மீனின் குஞ்சிலும் நுனித் தகடு பெரிதாகத்தான் தெரியும், ஏனென்றால் அது முதலில் உருவாகும் தகடுகளில் ஒன்று. எனவே பெரிய நுனித் தகடு கண்டால், இது சிறிய இனமா, பெரிய இனத்தின் குஞ்சா என்ற கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ஹான்ஸ் ஹெஸ் 1974ல் இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்விட்சர்லாந்து மூன்று நாடுகளின் கல்லோவியன், ஆக்ஸ்ஃபோர்டியன் அடுக்குகளிலிருந்து டெர்மினாஸ்டரைக் காட்டினார். இத்தனை இடத்தில் ஒரே உருவம் திரும்பத் திரும்ப வருவது போன்ற சான்று இருந்தால்தான் குஞ்சு என்ற சந்தேகத்தைத் தாண்டிப் பேச முடியும்.

படி 7: பேரினம், சிற்றினம்

பழைய பெயர்களோடு மோதாமல் இந்தப் படியைத் தாண்ட முடியாது. 19ஆம் நூற்றாண்டில் ஜுராசிக் நட்சத்திர மீன்களுக்கு இன்று வாழும் பேரினங்களின் பெயரையே வைத்தார்கள். அஸ்ட்ரோபெக்டன், கோனியாஸ்டர், சோலாஸ்டர் என்று. இங்கிலாந்தில் மிக்கிள்டன் ரயில் சுரங்கம் தோண்டியபோது கிடைத்தவற்றை 1850ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்தார். அதில் ஒன்று யூராஸ்டர் கேவியி, அந்தச் சுரங்க வேலையின் பொறியாளர் கேவியின் பெயரில். யூராஸ்டர் என்ற பேரினப் பெயர் இன்று புழக்கத்திலேயே இல்லை. காட்ஸ்வோல்ட் குன்றுகளின் பெயரைத் தாங்கிய அஸ்ட்ரோபெக்டன் காட்ஸ்வோல்டியேவும் இன்று பென்டாஸ்டீரியாவுக்கு மாறிவிட்டது. 1955ல் ஹெஸ் இப்படிப்பட்ட ஜுராசிக் வடிவங்களுக்காக ஆர்க்காஸ்ட்ரோபெக்டன் என்ற பெயரைக் கொடுத்தார், பிறகு அது பென்டாஸ்டீரியாவின் உட்பேரினமாக வைக்கப்பட்டது.

இதனால் ஒரு பழைய நூலில் அஸ்ட்ரோபெக்டன் என்று படித்தால், நம் கரையில் வாழும் அதே பேரினம் ஜுராசிக்கில் இருந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிற்றினப் பெயரைப் பிடித்துக்கொண்டு, அதை யார் எப்போது எந்தப் பேரினத்துக்கு மாற்றினார்கள் என்று பின்தொடருங்கள். படத்தோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் அழகாக வரைந்தார்கள், உடைந்த கையைச் சில சமயம் நிறைவு செய்தும் வரைந்தார்கள். அருங்காட்சியகத்தில் இருக்கும் வகைமாதிரியின், அதாவது அந்தச் சிற்றினப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரியின், புகைப்படமோ வார்ப்புப் பிரதியோதான் கடைசி வார்த்தை.

ஒப்பிட்டுப் பொருந்தவில்லை என்றால் நேர்மையான குறியீடுகள் இருக்கின்றன. பேரினம் உறுதி, சிற்றினம் தெரியவில்லை என்றால் பேரினப் பெயரோடு 'sp.' என்பதற்கு ஈடாக 'இனம் தெரியாதது' என்று. ஒரு சிற்றினத்தைப் போல இருக்கிறது, ஆனால் மாதிரி போதாது என்றால் 'ஒப்பிடத்தக்கது'. உறவு தெரிகிறது, ஆனால் அது அல்ல என்றால் 'நெருக்கமானது'. குடும்பத்தோடு நின்றாலும் குறைவில்லை. ஒற்றை விளிம்புத் தகட்டில் 'கோனியாஸ்டரிடே, பேரினம் தெரியாதது' என்று எழுதுவது நல்ல வகைப்பாடு. அதே தகட்டுக்குப் புதுச் சிற்றினப் பெயர் சூட்டுவது, அடுத்து வரும் எல்லோருக்கும் சுமை.

புதியதுதான் என்று நிஜமாகவே தோன்றினால், ஒரே அடுக்கிலிருந்து பல தகடுகள், அவற்றின் தொடர், வேறு எதனோடு எப்படி வேறுபடுகிறது என்ற விளக்கம் எல்லாம் சேர வேண்டும். வகைமாதிரி பொது அருங்காட்சியகத்தில், எண்ணோடு, யாரும் கேட்டால் பார்க்கும்படி இருக்க வேண்டும். வீட்டு அலமாரி அதற்கு இடமல்ல.

படி 8: சீட்டு எழுதுதல்

கடைசியாக மாதிரியோடு போக வேண்டிய சீட்டு. பெயர், எந்தத் தகடு, கையின் எந்தப் பகுதி, இடம், அடுக்கு, கட்டம், எந்த அம்மோனைட்டை வைத்து அந்தக் கட்டத்தைச் சொன்னீர்கள், யார் எடுத்தது, யார் எப்போது அடையாளம் கண்டது. முன்பு யாராவது வேறு பெயர் எழுதியிருந்தால் அந்தச் சீட்டைக் கிழிக்காமல் உங்கள் சீட்டைப் பின்னால் வையுங்கள். எந்தப் பெட்டியிலும் சேராத தகடுகள் கண்டிப்பாக மிஞ்சும். அவற்றை ஒரு தனிக் குப்பியில் போட்டு, இடமும் அடுக்கும் மட்டும் எழுதி, நன்றாகத் தெரிந்த தகடுகளுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.